ஆபிரிக்க நாடுகளிற் சட்டமும் கணினியும்

மேற்காபிரிக்காவிலுள்ள கானா நாட்டில் அக்கான் என்னும் பெருங்குடி மக்கள் வாழுகின்றனர். சுரைக்குடுக்கையிற் செதுக்கிய சிற்றச்சுக்களை மரப்பட்டைச் சாயத்திலே தோய்த்து ஆடைகளிற் பதிப்பது அவர்களுடைய பழைய கைத்தொழில்களுள் ஒன்று. அவ்வாறு பதிக்கப்படும் குறி ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் உண்டு. ஒன்று பொறுமையைக் காட்டும். ஒன்று தெய்வத்தின் பெருமையைச் சொல்லும். ஒன்றோடொன்று பிணைந்த இதயங்களைக் காட்டும் குறிக்கு 'அக்கோமா இந்தோசோ' என்று பெயர். இணைந்த இதயங்கள் என்பது அதன் பொருள். மனமொத்து உடன்படுதலை அக்குறியினால் உணர்த்துவர்.

துணியிலே பதிக்கும் இக்குறியின் பெயர் இன்று சட்டப் புத்தகங்களோடு சேர்த்து வழங்குகிறது. 2004, 2005 ஆம் ஆண்டுகளில் ஐக்கிய நாடுகள் சபையின் பொருளாதார சமூக அலுவல்கள் திணைக்களம் ஆபிரிக்கப் பாராளுமன்றங்களுக்கு உதவி செய்ய முற்பட்டது. இத்தாலியிலுள்ள பொலோஞாப் பல்கலைக்கழகத்து அறிஞரான பாபியோ வித்தாலி, மோனிக்கா பல்மிராணி என்போர் அம்முயற்சியிலே பெரும்பங்கு கொண்டனர். சட்டங்களையும் மசோதாக்களையும் சபை விவாதங்களையும் நீதிமன்றத் தீர்ப்புக்களையும் கணினி விளங்கிக்கொள்ளத் தக்க ஒரே முறையில் எழுதுவதற்கு வேண்டிய விதிகளை அவர்கள் வகுத்தனர். அம்முறைக்கே 'அக்கோமா இந்தோசோ' என்று பெயரிட்டனர்.

இப்படியொரு முறை எதற்காக வேண்டப்பட்டது என்பதை அறிய, சட்டம் என்பது எந்த வடிவில் மக்களிடம் வந்து சேருகிறது என்பதை முதலிற் பார்த்தல் வேண்டும்.

சட்டத்தை அறியேன் என்று சொல்லிக் குற்றத்தினின்று எவரும் தப்ப முடியாது. இது பிரித்தானியர் ஆண்ட நாடுகளில் எல்லாம் அவர்கள் விட்டுச் சென்ற ஒரு கோட்பாடு. கோட்பாடு செவ்விதே. ஆனால் அறிய விரும்புகின்றவனுக்குச் சட்டம் கிடைக்கிறதா என்ற கேள்வியை அது எழுப்புவதில்லை. சந்தையிலே தக்காளி விற்கும் ஒருத்தியை நகரசபைக் காவலாளி பிடித்து, உப சட்டத்தை மீறினாய் என்று தண்டம் கேட்கிறான் என்று கொள்க. அந்த உப சட்டம் எங்கே இருக்கிறது? எப்போதோ வெளிவந்த அரசாங்க வர்த்தமானி ஒன்றின் நடுப்பக்கத்தில் இருக்கலாம். அவ்வர்த்தமானி தலைநகரத்து நூலகம் ஒன்றின் அலுமாரியில் இருக்கலாம். கறையான் அரித்தும் போயிருக்கலாம். காவலாளியும் அதைக் கண்ணாற் கண்டவன் அல்லன்.

ஒருகால் அந்தப் பழைய தாள் கிடைத்துவிட்டாலும் துன்பம் தீர்ந்தபாடில்லை. சட்டம் பிறந்த கோலத்தில் இருப்பதில்லை, ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது. திருத்தச் சட்டம் எழுதப்படும் விதமோ தனி விதம். "முதன்மைச் சட்டத்தின் 12 ஆம் பிரிவின் 3 ஆம் உட்பிரிவிலே 'பத்து' என்னும் சொல்லை நீக்கி 'இருபது' என்னும் சொல்லை இடுக" என்ற பாங்கில் அது அமையும். அதை மட்டும் படிப்பவனுக்கு ஒன்றும் விளங்காது. முதன்மைச் சட்டத்தை மட்டும் படிப்பவனோ இல்லாத சட்டத்தைப் படிப்பவன் ஆகிறான். இரண்டையும் அருகே வைத்து, இடையில் வந்த மற்றைத் திருத்தங்களையும் தேடி எடுத்து, வெட்டியும் ஒட்டியும் பார்த்தாலன்றி இன்றைக்கு நடைமுறையிலுள்ள சட்டம் எது என்று சொல்ல இயலாது. இவ்வேலையைச் செய்து தொகுத்த நூல்களை விலை கொடுத்து வாங்கப் பெரிய வழக்கறிஞரால் முடியும். தென்னாபிரிக்காவில் திருத்தங்கள் சேர்ந்த இத்தகைய தொகுப்புக்களை நெடுங்காலமாகத் தனியார் பதிப்பகங்களே விற்று வந்தன. மக்களுடைய வரிப்பணத்தால் இயற்றப்பட்ட சட்டத்தை மக்கள் மீண்டும் விலைக்கு வாங்கவேண்டிய நிலை அது.

இங்கேதான் கணினி உதவிக்கு வருகிறது. அது என்ன செய்கிறது என்பதை விளக்குவது கடினமன்று. அச்சிட்ட சட்டத்தை வெறுமனே படம்பிடித்துக் கணினியில் இட்டால், அது கணினிக்கு ஒரு படமேயன்றிச் சட்டமன்று. எழுத்துக்களாக மாற்றி இட்டாலும், எது தலைப்பு, எது பிரிவு, எது உட்பிரிவு, எந்த நாள் முதல் இது வலிது என்று அதற்குத் தெரியாது. 'அக்கோமா இந்தோசோ' முறையிலே சட்டத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் அடையாளச் சீட்டுக் கட்டப்படுகிறது. இது பிரிவு, இதன் எண் 12, இன்ன நாள் முதல் இவ்வாசகம், அதற்கு முன் அவ்வாசகம், மாற்றியது இன்ன ஆண்டின் இன்ன சட்டம் என்று உறுப்புத்தோறும் குறிக்கப்படுகிறது. அப்படிக் கட்டியபின், "2015 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இப்பிரிவு எப்படி இருந்தது?" என்று கேட்டால் கணினி நொடிப்பொழுதில் எடுத்துக் காட்டும். வழக்குகளில் இது சிறிய காரியமன்று. ஒருவன் செய்த செயல் செய்த நாளிலே குற்றமாயிருந்ததா என்பதன்றோ நீதிமன்றத்தின் கேள்வி!

மற்றொரு நன்மையும் உண்டு. ஒவ்வொரு சட்டத்துக்கும் என்றும் மாறாத ஒரு முகவரி கிடைக்கிறது. கென்யா நாட்டில் 1994 ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றினால் நிறுவப்பட்ட தேசிய சட்ட அறிக்கை மன்றம் அந்நாட்டுச் சட்டங்களையும் தீர்ப்புக்களையும் கட்டணமின்றி இணையத்தில் வெளியிட்டு வருகிறது. அங்கே 2010 ஆம் ஆண்டின் அரசியலமைப்பைத் திறந்து பார்ப்பவர், முகவரியின் நடுவே ஏ.கே.என். என்ற மூன்று எழுத்துக்களைக் காண்பர். அது அக்கோமா இந்தோசோவின் சுருக்கம். அடுத்து நாட்டின் குறி, அடுத்துச் சட்டம் என்னும் சொல், அடுத்து ஆண்டு. அக்கான் மக்களின் துணிக்குறி கிழக்காபிரிக்காவின் அரசியலமைப்பு வரை வந்து சேர்ந்திருக்கிறது.

அது அங்கும் நிற்கவில்லை. ஆபிரிக்கப் பாராளுமன்றங்களை மனத்திற் கொண்டு வகுத்த அம்முறையை ஐரோப்பியப் பாராளுமன்றமும் இத்தாலியச் செனற் சபையும் ஐக்கிய நாடுகள் நிறுவனங்களும் எடுத்தாளத் தொடங்கின. 2018 ஆம் ஆண்டில் அது சருவதேசத் தரமாக ஏற்கப்பட்டது. அறிவெல்லாம் வடக்கேயிருந்து தெற்கே வருவதாகவே பேசிப் பழகியவர்கள் இந்தச் செய்தியைச் சற்று நின்று கவனிக்கலாம்.

முறை ஒன்றை வகுத்தல் வேறு. அதன்படி சட்டங்களை ஏற்றுதல் வேறு. ஐக்கிய நாடுகள் சபையின் திட்டத்திலே 'புங்கேனி' என்னும் மென்பொருளும் உருவாயிற்று. சுவாகிலி மொழியில் 'பாராளுமன்றத்தில்' என்பது அச்சொல்லின் பொருள். பெயரும் நன்று, நோக்கமும் நன்று. ஆயினும் பழைய வர்த்தமானிகளைத் தேடி எடுத்து, தூசி தட்டி, தாள் தாளாகப் படம்பிடித்து, எழுத்தாக்கி, மூலத்தோடு ஒப்புநோக்குவதற்கு மென்பொருள் மட்டும் போதாது. ஆள் வேண்டும், ஆண்டுக்கணக்கான பொறுமையும் வேண்டும். கென்ய வர்த்தமானி 1899 ஆம் ஆண்டிலே தொடங்கியது. அவ்வளவு பழைய இதழ்களையும் தேசிய சட்ட அறிக்கை மன்றமும் கூகிள் நிறுவனமும் சேர்ந்து படம்பிடித்து இணையத்தில் வைத்தன. தென்னாபிரிக்காவிலே கேப்டவுன் நகரத்தைத் தளமாகக் கொண்டு இயங்கும் சட்டத் தகவல் நிறுவனங்கள் ஆபிரிக்க நாடுகள் பலவற்றின் வர்த்தமானிகளையும் சட்டங்களையும் ஓரிடத்திலே திரட்டுகின்றன. கேப்டவுன் முதலிய மாநகர சபைகளின் உப சட்டங்களும் இப்போது எவரும் படிக்கக் கிடைக்கின்றன. தக்காளி விற்பவள் தானே அவற்றைப் படிக்காவிடினும், அவளுக்காகப் பேசும் ஒருவர் படித்துச் சொல்லக்கூடும். வர்த்தமானியின் பயன் சட்டத்தோடு முடிவதுமில்லை. யாருக்கு எந்த நிலம் கொடுக்கப்பட்டது, எவர் எந்தப் பதவிக்கு நியமிக்கப்பட்டார் என்பனவும் அதிலேதான் வெளிவருகின்றன.

இதுவரை சொல்லியது இயற்றி முடிந்த சட்டத்தைப் பற்றியது. சட்டம் இயற்றப்படும்போது உள்ளே நடப்பதை அறிவது அதனினும் அரிது. சிலருக்கு அதனினும் கசப்பானது.

கென்யப் பாராளுமன்றம் முன்னொரு காலத்தில் இணையத்தளம் ஒன்றைத் திறந்தது. உறுப்பினர்களுடைய கல்வியும் தொழிலும் பிறவும் அதில் வெளியிடப்பட்டன. தங்கள் வரலாறு ஊரறிய வெளிவந்ததை உறுப்பினர் சிலர் விரும்பவில்லை. எதிர்ப்பு எழுந்தது, தளம் மூடப்பட்டது. இதைக் கண்டு ஓரி ஒகொல்லோ என்னும் இளம் சட்டப் பட்டதாரியும் கொன்றாட் அகுங்கா என்னும் மென்பொருள் வல்லுநரும் தாமே ஒரு தளத்தைத் தொடங்கினர். அதற்கு 'முசலெண்டோ' என்று பெயரிட்டனர். சுவாகிலியில் நாட்டுப்பற்றாளன் என்பது அதன் பொருள். யார் சபையிற் பேசினார், என்ன பேசினார், எந்த மசோதா எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பனவற்றைத் தம் ஓய்வு நேரத்திலே திரட்டி எழுதினர். ஹன்சாட் அறிக்கையைப் பெறுவதே அந்நாளிற் பெரும்பாடு. மூடிய கதவொன்று இரண்டு சன்னல்கள் திறக்கக் காரணமாயிற்று என்றே சொல்லலாம். ஏனெனில் பாராளுமன்றமும் பின்னர்த் தன் தளத்தை மீண்டும் திறந்து ஹன்சாட்டையும் வெளியிட்டது. முசலெண்டோவுக்காக 2012 ஆம் ஆண்டளவில் ஆங்கில நிறுவனம் ஒன்று எழுதிக் கொடுத்த மென்பொருளைக் கானா, நைஜீரியா, தென்னாபிரிக்கா ஆகிய நாடுகளிலுள்ள குழுக்களும் எடுத்துப் பயன்படுத்தின. இலங்கையிலும் 2013 ஆம் ஆண்டில் 'மந்திரி' என்னும் தளம் மும்மொழிகளிலும் இத்தகைய பணியைத் தொடங்கியமை நேயர்கள் சிலருக்கு நினைவிருக்கலாம்.

சபையின் பேச்சு ஹன்சாட்டில் வருகிறது. ஆயின் மசோதாவின் உறுப்புக்கள் வெட்டப்படுவதும் ஒட்டப்படுவதும் பெரும்பாலும் குழு அறைகளிலே. தென்னாபிரிக்காவில் வெள்ளையராட்சிக் காலத்திலே குழுக்கூட்டங்கள் மக்களுக்கு அடைக்கப்பட்டிருந்தன. 1994 ஆம் ஆண்டின் பின் கதவு திறந்தது. ஆனால் அங்கே பேசியதை எழுதி வைக்க எவருமில்லை. 1995 ஆம் ஆண்டில் மூன்று பொதுநல அமைப்புக்கள் கூடிப் பாராளுமன்றக் கண்காணிப்புக் குழு என்ற ஒன்றை நிறுவின. அதன் சார்பில் சிலர் குழு அறைகளிற் சென்று அமர்ந்து, பேச்சைக் குறித்துக்கொண்டு வந்து வெளியிட்டனர், ஒலிப்பதிவும் செய்தனர். இப்பணி இன்றும் நடைபெறுகிறது. அரசாங்கம் செய்யாத பதிவைக் குடிமக்கள் செய்தார்கள். காலப்போக்கிற் பாராளுமன்ற உறுப்பினர்களும் பழைய பேச்சைத் தேடுவதற்கு அப்பதிவையே நாடினர்.

இத்தகைய பதிவுக்கு எவ்வளவு பெறுமதி உண்டு என்பதை 2006 ஆம் ஆண்டின் வழக்கொன்று உணர்த்துகிறது. மருத்துவர் சங்கம் ஒன்று தென்னாபிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றத்திலே முறையிட்டது. கருச்சிதைவு பற்றிய திருத்தச் சட்டமும் பாரம்பரிய வைத்தியர் பற்றிய சட்டமும் மக்கள் கருத்தைக் கேளாமல் நிறைவேற்றப்பட்டன என்பது அதன் வாதம். அவற்றுக்கு மாகாணங்களிற் பொது விசாரணை நடைபெறும் என்று சொல்லப்பட்டிருந்தது. பெரும்பாலான மாகாணங்களில் நடைபெறவில்லை. சட்டத்தின் உள்ளடக்கம் நன்றோ தீதோ என்று நீதிமன்றம் ஆராயவில்லை. இயற்றிய முறை தவறு என்ற ஒரே காரணத்தினால் அவ்விரண்டும் செல்லா என்று தீர்த்து, குறையைத் திருத்தப் பாராளுமன்றத்துக்குப் பதினெட்டு மாதத் தவணை கொடுத்தது. மக்களைக் கேட்டல் மரியாதைக்காகச் செய்யும் சடங்கன்று, அரசியலமைப்பு இட்ட கடமை என்று நிலைநாட்டப்பட்டபின், எப்போது கேட்டார்கள், யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள் என்ற பதிவு வழக்குக்குச் சான்றாகும் பொருளாகிவிடுகிறது.

வட ஆபிரிக்காவிலுள்ள துனீசியாவின் கதை வேறு விதமானது, துயரமானதுங்கூட. 2011 ஆம் ஆண்டின் புரட்சிக்குப் பின் அந்நாட்டில் 217 உறுப்பினர் கொண்ட அரசியலமைப்புச் சபை கூடியது. 2012 ஆம் ஆண்டில் 'அல் பவுசலா' என்னும் அமைப்பு பிறந்தது. திசையறி கருவி என்பது அதன் பொருள். எந்த உறுப்பினர் எந்தப் பிரிவுக்கு எப்படி வாக்களித்தார், யார் வந்தார், யார் வரவில்லை என்பனவற்றை அது நாள்தோறும் இணையத்தில் வெளியிட்டது. 2014 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் அரசியலமைப்பு நிறைவேறியபோது, அதன் ஒவ்வொரு பிரிவும் எவருடைய வாக்கினால் வந்தது என்று துனீசிய மக்களுக்குச் சொல்லக்கூடியதாயிருந்தது. உலகிற் பழமை வாய்ந்த சபைகள் பலவற்றுக்கும் இல்லாத பெருமை அது. ஆனால் 2021 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் சனாதிபதி கைஸ் சையத் பாராளுமன்றத்தை இடைநிறுத்தினார். அடுத்த ஆண்டிலே கலைத்தார். சட்டங்களைக் கட்டளைகளாகத் தாமே பிறப்பித்தார். 2014 ஆம் ஆண்டின் அரசியலமைப்பும் நீங்கி வேறொன்று வந்தது. வாக்கைக் கணக்கெடுக்க வல்ல கருவி இருந்தது. கணக்கெடுப்பதற்கு வாக்கு இல்லாமற் போயிற்று.

மீண்டும் கென்யாவுக்கு வந்தால், 2024 ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகள் மேலே சொல்லியவற்றையெல்லாம் ஒரே மாதத்துக்குள் அடக்கிக் காட்டுகின்றன. அவ்வாண்டு மே மாதத்தில் அரசாங்கம் நிதி மசோதாவை வெளியிட்டது. பாணுக்கு நூற்றுக்குப் பதினாறு வீத வரி, மோட்டார் வாகனங்களுக்கு அவற்றின் பெறுமதியில் இரண்டரை வீத வரி முதலியன அதில் இருந்தன. நிதி மசோதா என்பது சாதாரண மனிதன் படிக்கும் நூலன்று. முன்னே சொல்லிய "இச்சொல்லை நீக்கி அச்சொல்லை இடுக" என்னும் நடையிலேயே அது முழுவதும் அமைந்திருக்கும். ஆனால் இம்முறை இளைஞர் அதைப் பகுதி பகுதியாகப் பிரித்தனர். சிலர் கைப்பேசியிற் குறும்படங்களாக விளக்கினர். சிலர் கிக்கூயு, லுவோ முதலிய தத்தம் தாய்மொழிகளிலே பெயர்த்துச் சொன்னார்கள். செவிப்புலனற்றோர்க்குச் சைகையிலே சொன்னாரும் உளர். மசோதாவை உட்கொண்டு, கேட்ட கேள்விக்கு விடை சொல்லும் செயற்கை நுண்ணறிவுக் கருவியையும் ஒருவர் அமைத்தார். "என் தொழிலுக்கு இதனால் என்ன வரும்?" என்று கேட்டால் அது பிரிவைக் காட்டி விடை சொல்லும்.

பாண் வரி முதலிய சில யூன் 18 ஆந் திகதி கைவிடப்பட்டன. மற்றவை நின்றன. யூன் 25 ஆந் திகதி மசோதா 195 வாக்குகளால் நிறைவேறியது, எதிர்த்தவை 106. அன்றே கூட்டம் பாராளுமன்றத்தினுள் நுழைந்தது; துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது; பல இளைஞர் மாண்டனர். மறுநாள் சனாதிபதி வில்லியம் ரூட்டோ மசோதாவிற் கையொப்பமிடப் போவதில்லை என்று அறிவித்தார். அதற்கு அடுத்த மாத முடிவில், முந்திய ஆண்டின் நிதிச் சட்டமும் மக்கள் பங்கேற்பிற் குறையுண்டு என்று மேன்முறையீட்டு நீதிமன்றத்தினாற் செல்லாததாக்கப்பட்டது. ஒக்தோபர் மாதத்தில் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி அச்சட்டத்தை நிலைநிறுத்தியது.

இந்நிகழ்ச்சியில் மகிழ்வதற்கும் அஞ்சுவதற்கும் இடமுண்டு. உறுப்பினருடைய கைப்பேசி எண்கள் இணையத்திலே பரவின. செய்திகள் மலையாய்க் குவிந்தன. தொகுதி மக்களின் குரலும் மிரட்டலும் அவற்றுட் கலந்து வந்தன. செயற்கை நுண்ணறிவுக் கருவியோ விடை தெரியாத இடத்திலும் தெரிந்தாற்போலப் பேசும் இயல்புடையது. சட்டத்தில் ஒரு சொல் மாறினாற் பொருளே மாறும். ஆகையால் அத்தகைய கருவி சொல்லும் விடையோடு மூலப் பிரிவும் கண்முன் இருத்தல் வேண்டும். மூலமோ திருத்தங்களோடு ஒழுங்காகத் தொகுக்கப்பட்டிருந்தாலன்றிக் கண்முன் வராது. பொலோஞா அறிஞர் தொடங்கிய அலுப்பான சீட்டுக்கட்டும் வேலை இல்லாமல் இந்தப் புதுமைகளெல்லாம் மணலில் எழுப்பிய வீடுகளே.

எஞ்சி நிற்பது மொழி. கென்யாவில் சுவாகிலியும் ஆங்கிலமும் ஆட்சிமொழிகள். சட்டங்களோ பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. தென்னாபிரிக்காவில் 2023 ஆம் ஆண்டிற் சைகை மொழியும் சேர்ந்து ஆட்சிமொழிகள் பன்னிரண்டாயின. ஆயினும் ஒரு சட்டம் ஆங்கிலத்திலும் வேறொரு மொழியிலும் வெளிவருவதே வழக்கம். தன்சானியா மட்டும் துணிந்து ஓரடி வைத்தது. 2021 ஆம் ஆண்டில் அந்நாடு சட்டங்களின் மொழி சுவாகிலி என்று விதித்து, ஆங்கிலத்திலிருந்த பழைய சட்டங்களை மொழிபெயர்க்கும் பணியைத் தொடங்கியது. ஆங்கிலத்திற் படித்த வழக்கறிஞருக்குச் சுவாகிலிச் சட்டச் சொற்களைப் பழக்குவதும் அப்பணியின் பாதி.

இணையம் எட்டாத ஊர்களும், எட்டினும் அதற்குக் காசு கொடுக்க முடியாத வீடுகளும் ஆபிரிக்காவில் இன்னும் மிகப் பல. அங்கெல்லாம் செய்தி கொண்டு செல்வது பெரும்பாலும் வானொலியே. கென்யாவில் நாட்டுமொழிகளில் ஒலிபரப்பும் நிலையங்கள் பல உள்ளன. முன்பெல்லாம் அந்நிலையங்களிற் சட்டம் பற்றிப் பேச வந்தவர் பத்திரிகையிற் கண்டதையோ அமைச்சர் சொன்னதையோ சொல்லவேண்டியிருந்தது. இப்போது அவர் விரும்பினால் மசோதாவின் அந்தப் பிரிவையே கைப்பேசியில் எடுத்து வைத்துக்கொண்டு, நேயர் தொலைபேசியிற் கேட்கும்போது எண்ணைச் சொல்லி வாசித்துக் காட்டலாம்.